தோட்ட வேலையோடு லைற் சோடனையும்: யாழ்ப்பாணத்தில் மாரிகாலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் யாழ்ப்பாணத்தில் தோட்டப் பராமரிப்புச் செய்பவர்களுக்கு வேலை நாள்கள் சுருங்கிவிடும். புல்லு நன்றாக வளரும், ஆனால் ஈரப் புல்லில் மெஷின் ஓடாது. இன்ரலொக் கல் பதிக்கலாம் என்றால் நிலம் சேறாகக் கிடக்கும். வேலை செய்யும் பொடியங்களுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தை மாதம் அவர்கள் வேறு இடத்தில் நிற்பார்கள். இதே மாதங்களில்தான் தீபாவளி, நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. டிசம்பரில் வெளிநாட்டில் இருப்பவர்களும் வந்து, பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறக்கிறார்கள்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் புல் வெட்டும் கம்பனிகள் இந்த இடைவெளியை லைற் கட்டி நிரப்புகின்றன. பனி விழுந்தால் அங்கே தோட்ட வேலை அடியோடு நின்றுபோகும். அதனால் ஒக்டோபர், நவம்பரிலேயே வாடிக்கையாளர் வீட்டுக் கூரை விளிம்பிலும் மரங்களிலும் நத்தார் லைற் கட்டி, ஜனவரியில் கழற்றி எடுத்துப்போய் அடுத்த வருடம் வரை தாங்களே வைத்திருப்பார்கள். ஸ்காபரோவில் இருக்கும் சொந்தக்காரரைக் கேட்டால் விவரமாகச் சொல்வார். அந்த முறையை இங்கேயும் செய்யலாம். ஆனால் அங்கே பனி, இங்கே அடைமழை. அங்கே 120 வோல்ற், இங்கே 230. இந்த இரண்டு வித்தியாசத்தையும் மனதில் வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீரியல் லைற்றைக் கடையில் யாரும் வாங்கலாம், மதிலில் யாரும் தொங்கவிடலாம். வீட்டுக்காரர் உங்களுக்குக் காசு தருவது, அதைப் பாதுகாப்பாகக் கட்டி, மழைக்குள் பழுதானால் வந்து பார்த்து, காலத்துக்குக் கழற்றி, பத்திரமாக வைத்திருப்பதற்கு. இந்த நான்கையும் சேர்த்து ஒரே சேவையாகக் கொடுத்தால்தான் தொழில் நிற்கும்.

எந்த வீடுகளில் தொடங்குவது

புது ஆட்களைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் கொப்பியில் ஏற்கெனவே இருக்கும் வீடுகளை எடுங்கள். அந்த வளவில் எந்த மரம் எங்கே நிற்கிறது, வெளிப் பிளக் எந்தச் சுவரில், நாய் கட்டியிருக்குமா, மாரியில் எந்த மூலையில் வெள்ளம் நிற்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். புதிதாக வரும் ஒருவருக்கு இதெல்லாம் தெரியாது, உங்களுக்கு இருக்கும் பெரிய பலமே இதுதான். முதல் வருடம் ஒரு கைவிரலில் எண்ணக்கூடிய வீடுகள் போதும். எல்லா வீட்டிலும் நத்தாருக்கு முதல் நாள்தான் ஏதாவது எரியாமல் போகும், அப்போது ஒரே இரவில் எல்லா இடத்துக்கும் ஓட முடிய வேண்டும்.

குருநகர், பாசையூர், கொழும்புத்துறை, இளவாலை போன்ற கத்தோலிக்கர் கூடுதலாக இருக்கும் இடங்களில் நத்தாருக்கு லைற் கட்டுவது வழக்கமாகவே இருக்கிறது. நல்லூர்ப் பக்கம் திருவிழா நடக்கும் 25 நாளும் வீட்டுக்கு ஆட்கள் வந்து போவார்கள். அது சோளகக் காற்று வீசும் கோடை காலம் என்பதால் மழைத் தொல்லை குறைவு. பழகிப் பார்க்க நல்ல தருணம் என்பேன். வெளிநாட்டுக்காரர் வீடுகளில் கேட்கும் நேரம் முக்கியம். ஆடி, ஆவணியில் வந்து நிற்கும்போதே, “அண்ணை, டிசம்பரில் வரும்போது முன்வளவு லைற் போட்டு வைக்கட்டோ?” என்று ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். பகலில் எடுத்த ஒரு படமும், கட்டிய பிறகு இரவில் எடுத்த ஒரு படமும் வாட்ஸ்அப்பில் போனால் அவருக்கும் திருப்தி, அடுத்த வீட்டுக்கும் அது போதும்.

கல்யாண வீட்டுப் பந்தல், பெரிய முகப்பு, கோயில் திருவிழா எல்லாம் லைற் அன்ட் சவுண்ட்காரரின் வேலை. அவர்களிடம் ஜெனரேற்றர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, நெடுநாள் பழக்கமும் இருக்கிறது. அதில் போட்டிக்குப் போக வேண்டாம். மரம், செடிவேலி, நடைபாதை, கேற், மதில் ஆகியவற்றை உங்கள் எல்லையாக வைத்துக்கொண்டு, கல்யாண வேலைகளில் அவர்களுக்கு மரம் சுற்றிக் கொடுக்கும் கைவேலைக்குப் போகலாம்.

நாள் பார்ப்பது

தீபாவளிக்குக் கட்டியதையே பொங்கல் வரை விடச் சொல்வார்கள் சிலர். மழை முழுவதும் வெளியில் கிடந்தால் லைற்றின் ஆயுள் குறைந்துவிடும் என்று விளக்கிச் சொல்லி, இரண்டு தவணையாகப் பிரியுங்கள்: தீபாவளிக்கு விறாந்தையும் கேற்றும் மட்டும், நத்தார் முதல் பொங்கல் வரை முழு வளவும்.

நவம்பர் 21 முதல் 27 வரை, போரில் இறந்த போராளிகளை நினைவுகூரும் மாவீரர் வாரம். அந்த நாள்களில் கலர் லைற் எரிவதைப் பல வீடுகளில் விரும்ப மாட்டார்கள், அயலும் விரும்பாது. கட்டும் வேலையைச் செய்து முடிக்கலாம். எரியவிடுவதை 28க்குப் பிறகு வையுங்கள். கார்த்திகை விளக்கீட்டு மாலையில் சீரியல் லைற்றை அணைத்துவிடச் சொல்லுங்கள். மதிலில் வைக்கும் சுட்டி விளக்குகள் அப்போதுதான் தெரியும், விளக்குத் திரியும் பிளாஸ்ரிக் வயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவும் கூடாது. டிசம்பர் 26 ஐயும் மறக்க வேண்டாம். 2004 சுனாமியில் உறவுகளை இழந்த உடுத்துறை, மணற்காடு போன்ற கரையோர ஊர்களில் அன்றைக்கு நினைவு கூருவார்கள். ஒழுங்கையில் ஒரு செத்தவீடு விழுந்தாலும் லைற் அணைய வேண்டும். ஆகவே எந்த வீட்டிலும் எல்லா லைற்றும் ஒரே சுவிச்சில் நிற்கும்படி செய்து, அந்த சுவிச் எது என்று வீட்டிலுள்ள அம்மாவுக்குக் காட்டிவிட்டு வாருங்கள். இதற்கெல்லாம் நீங்கள் வரும்வரை அவர்கள் காத்திருக்கக் கூடாது.

சாமான்

முதல் வருடம் ஒரே நிறம், ஒரே மாதிரி செற் வாங்குங்கள். மஞ்சள் கலந்த வெள்ளை, அதாவது பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருப்பது, தென்னை அடிக்கும் பழைய நாற்சார் வீட்டுச் சுவருக்கும் எடுப்பாக இருக்கும். 6500 என்று இருப்பது ரியூப் லைற் வெள்ளை, மரத்தில் போட்டால் வெளிறித் தெரியும். கலர் லைற்றைப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஆசையாகக் கேட்பார்கள். அதைக் கேற்றிலோ ஒரு மரத்திலோ மட்டும் போட்டால் அழகு. ஒரே மாதிரி செற்றாக இருந்தால் ஒரு வீட்டில் பழுதானதற்கு மற்ற வீட்டு மிச்சத்தை மாற்றலாம், முனைக் கொழுக்கிகளும் ஒன்றோடொன்று பொருந்தும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் சீரியல் லைற்றை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். நூல் போன்ற வயர், தட்டை இரண்டு முள் பிளக், இடையில் தீப்பெட்டி அளவில் ஒரு கொன்றோலர். அந்தப் பெட்டியை நகத்தால் நெம்பினாலே திறக்கும், உள்ளே தண்ணீரைத் தடுக்க ஒன்றும் இருக்காது. அது வீட்டுக்குள் போடச் செய்த சாமான். வெளியில் போடுவதற்குப் பெட்டியில் ஐ.பி. எண்ணைப் பாருங்கள்: 44 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், 65 என்றால் பீய்ச்சி அடிக்கும் நீரையும் தாங்கும். விறாந்தைக் கூரையின் இறப்புக்குக் கீழே 44 போதும். வாடைக்காற்றில் மழை சாய்ந்து அடிக்கும் மதிலுக்கும் மரத்துக்கும் 65 தான் சரி. இந்த எண் விளக்குக்கு இருந்தாலும் பிளக்குக்கும் கொன்றோலருக்கும் பெரும்பாலும் இருப்பதில்லை.

வெளிநாட்டுக்காரர் வீட்டில் ஒரு பெட்டி நிறைய லைற் எடுத்து வைப்பார்கள், “இது அங்கேயிருந்து கொண்டுவந்த நல்ல சாமான்” என்று. வாங்கி, முதலில் லேபிளைப் படியுங்கள். கனடா, அமெரிக்கச் செற் 120 வோல்ற்றுக்குச் செய்தது. முள்ளை மாற்றி நமது 230 இல் கொடுத்தால் எரிந்தே போகும். லண்டன், பிரான்ஸ், ஜேர்மனிச் செற் நமது கறண்டுக்குப் பொருந்தும். அவற்றில் பல, அடப்ரர் வழியாக 24 அல்லது 31 வோல்ற்றில் எரிபவை. கையில் படும் உயரத்தில் போட அதைவிட நல்ல லைற் இல்லை. குழந்தைகள் ஓடித் திரியும் வளவுக்கு நான் எப்போதும் குறைந்த வோல்ற் செற்றைத்தான் சொல்வேன்.

வானத்தை நோக்கி அடிக்கும் லேசர் லைற் கேட்டால் மறுத்துவிடுங்கள். பலாலிக்கு விமானம் வருகிற ஊர் இது.

அளவெடுப்பது

டேப், கொப்பி, போன் கமரா மூன்றோடும் போங்கள். வாசலில் நின்று தெருவிலிருந்து எது தெரியும் என்று பாருங்கள், தெரியாத பக்கத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று நீங்களே சொன்னால் வீட்டுக்காரருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

மதில், கூரை விளிம்பு எல்லாம் நேர் அளவு. மரத்தைச் சுற்றுவதுதான் கணக்கில் ஏமாற்றும். அடிமரச் சுற்றளவை அளந்து, எத்தனை சுற்று என்பதால் பெருக்குங்கள். தென்னை ஒன்றின் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், 3 மீற்றர் உயரத்துக்கு 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் சுற்றுவதென்றால் 20 சுற்று, 18 மீற்றர். 10 மீற்றர் செற் இரண்டு வேண்டும். கண்ணால் பார்த்து ஒன்று போதும் என்று நினைத்தவர்கள் மரத்தில் பாதியில் நிற்பார்கள். எத்தனை செற்றை ஒன்றின் வாலில் ஒன்றாகக் கொழுவலாம் என்பது பெட்டியில் இருக்கும், அதைத் தாண்ட வேண்டாம். முதல் செற்றின் மெல்லிய வயர்தான் பின்னால் வரும் அத்தனையையும் சுமக்கிறது.

கறண்ட்: இங்கேதான் கவனம் முழுவதும்

எல்ஈடி லைற்றுக்குக் கறண்ட் இழுவை சொற்பம். 8 வாற்ஸ் செற் 40 போட்டாலும் 320 வாற்ஸ், ஒன்றரை அம்பியர்கூட இல்லை. பழைய வீட்டு 5 அம்பியர் பிளக்கே தாங்கும். மாலை 6 முதல் 11 வரை எரிந்தால் நாளுக்கு 1.6 யூனிற், மாதத்துக்கு 48 யூனிற். அலகு கூடக் கூட விலையும் கூடுகிற பில் என்பதால், இதை வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி, ஒரு ரைமர் போட்டுவிடுங்கள்.

ஆக, லோட் பயப்படும் விஷயம் இல்லை. பயப்பட வேண்டியது ஈரத்தில் கசியும் கறண்டுக்கு. வேலை தொடங்குமுன் வீட்டு மெயின் போர்ட்டில், கறண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிச் இருக்கிறதா, 30 மில்லி அம்பியர்தானா என்று பாருங்கள். அதில் ரெஸ்ற் என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அமத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டாலோ ட்ரிப் சுவிச்சே இல்லாவிட்டாலோ அந்த வீட்டில் வெளியே லைற் கட்டக் கூடாது. முதலில் அதைப் போடச் சொல்லுங்கள். காசு போகிறதே என்று இதில் மட்டும் இளகிவிடாதீர்கள், ஈரக் கேற்றைத் திறக்க வருவது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கலாம்.

நீங்கள் தோட்டக்காரர். செருகுவதோடு உங்கள் வேலை முடியட்டும். புதுப் பிளக் வைப்பது, போர்ட்டைத் திறப்பது, எர்த் பார்ப்பது எல்லாம் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ள வயறிங்காரரின் வேலை. அப்படி ஒருவரை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொண்டு, அவர் கூலியை உங்கள் விலைக்குள் போடுங்கள். மின்கம்பத்தில் லைற் கட்டுவது, தெருவுக்குக் குறுக்கே வயர் இழுப்பது, லைனில் கொழுவுவது மூன்றும் வேண்டவே வேண்டாம்.

மழைக்குள் நிற்க வேண்டிய இணைப்பை இப்படிச் செய்யுங்கள். இரண்டு முனையும் சேரும் இடத்தைத் துடைத்து உலர்த்தி இறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டும் றப்பர் ரேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேசன் ரேப் இரண்டு மழைக்குப் பிறகு பசை விட்டு வாலாகத் தொங்கும், அது மேலே ஒரு பாதுகாப்புக்கு மட்டும். பிறகு அந்த இணைப்பு நிலத்தில் கிடக்காமல் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள். இணைப்புக்குச் சற்று முன்னால் வயர் ஒருமுறை கீழே தொய்ந்து மேலே ஏறட்டும். வயர் வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும், இணைப்புக்குள் போகாது. கொன்றோலரும் அடப்ரரும் இறப்புக்குக் கீழே, சுவரோரமாக. அதற்கு இடமில்லாவிட்டால் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து, வயர் போகும் ஓட்டையைப் பெட்டியின் அடியில் போடுங்கள். பக்கத்தில் போட்டால் வாடைக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளும்.

முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் நல்லது. லைற் எரியும்போது, நீங்கள் தள்ளி நின்றுகொண்டு, யாரையும் தொடவிடாமல். ட்ரிப் விழுந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

மின்னல், இடி, பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் பிளக்கைக் கழற்றச் சொல்லி எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரேவி வந்ததைப் போல, நம்முடைய புயல்கள் சரியாக லைற் காலத்தில்தான் வருகின்றன. யாருக்காவது கறண்ட் அடித்தால் ஆளைத் தொடாமல் முதலில் மெயினை அணைத்து, அம்புலன்ஸுக்கு 1990 இலக்கத்தை அழைக்க வேண்டும் என்பதை வேலையாள் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

ஏணியும் மரமும்

அலுமினிய ஏணியை லைன் போகும் பக்கம் கொண்டே போகக் கூடாது. மின்கம்பிக்கு 3 மீற்றருக்குள் வரும் கிளையை விட்டுவிடுங்கள். மரம் லைனைத் தொட்டுக்கொண்டு நின்றால் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்கள் வெட்டிய பிறகு வேலை செய்யுங்கள். பாசி பிடித்த ஓட்டுக் கூரையில் ஏற வேண்டாம். பீலியில் கொழுக்கி போட்டுத் தொங்கவிடலாம். ஏணியை ஒருவர் பிடிக்காமல் மற்றவர் ஏறக் கூடாது. 1934 ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி வேலையில் அடிபட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு, ஆகவே ஒரு விபத்துக் காப்புறுதி எடுத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் செய்த வியாபாரப் பதிவிலும் இந்த வேலையைச் சேர்த்துவிடுங்கள்.

மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். இறுகக் கட்டிய நைலோன் நூலும் பட்டையை வெட்டும். பழைய சீலைத் துண்டு அல்லது தளர்த்தக்கூடிய றப்பர் பட்டி போதும். தென்னையில் சுற்றுமுன் முற்றிய தேங்காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடுங்கள். சுற்றத் தொடங்குவது நிலத்திலிருந்து ஒன்றரை அடி மேலே, வெள்ளம் நிற்கும் மட்டத்துக்கு மேலே. மாமரத்தில் ஏறுமுன் முசுற்றுக்கூடு இருக்கிறதா பாருங்கள். ஏணியில் நிற்கும்போது முசுறு கடித்தால் கை தானாக விட்டுவிடும். மாமரத்தில் அடிமரத்தையும் தடித்த கவர்களையும் மட்டும் சுற்றுங்கள். நுனிக் கிளைகளில் போட்டால், பொங்கலுக்குப் பிறகு கழற்றும்போது பூவோடு ஒடிந்து வரும். கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் பூவை உதிர்த்தவரை அந்த வீட்டுக்காரர் பிறகு தோட்டத்துக்கும் கூப்பிட மாட்டார். தேமா இலை உதிர்த்து நிற்கும் நேரம் என்றால் கிளை கிளையாகச் சுற்றலாம், அதைப்போல எடுப்பான மரம் வேறில்லை. குரோட்டன் வேலிக்கு வலை லைற்றை விரித்துவிட்டால் வேலை நிமிடங்களில் முடியும், ஆனால் அதற்கு முதல் வாரமே வேலியைச் சமமாக வெட்டி வையுங்கள். அந்த வெட்டுக்கூலியும் உங்களுக்குத்தான்.

விலை

லைற் உங்களுடையதாகவே இருக்கட்டும், வாடகைக்குக் கொடுங்கள். ஒரு செற் மூன்று பருவம் உழைக்கும் என்று வைத்து, அதன் விலையில் மூன்றில் ஒன்றை ஒவ்வொரு பருவத்திலும் எடுங்கள். உதாரணத்துக்கு ஒரு வீட்டுக்கு 30,000 ரூபாய்ச் சாமான் போனால், இந்த வருட விலையில் 10,000 சாமானுக்கு. அதன் மேல் இரண்டு பேர் கட்டும் கூலி, கழற்றும் கூலி, பழுதுபார்க்க வரும் இரண்டு பயணத்துக்கு மோட்டார் சைக்கிள் எண்ணெய், வயறிங்காரர் கூலி, பிறகு உங்கள் இலாபம். கழற்றும் கூலியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்ட எடுத்த நேரத்தில் பாதிக்கு மேல் கழற்றவும் சுற்றி வைக்கவும் போகும்.

நாள் குறிக்கும்போதே பாதிக் காசு, எரியவிட்ட அன்றைக்கு மிச்சம். கழற்றிய பிறகு தருகிறேன் என்றால் தலையாட்ட வேண்டாம். விமானம் ஏறிய பிறகு காசு வாங்குவது கஷ்டம். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எத்தனை மீற்றர், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, பழுதென்று சொன்னால் எவ்வளவு நேரத்தில் வருவீர்கள், அணில் கடித்தாலும் புயல் அறுத்தாலும் யார் பொறுப்பு. அயல்வீட்டில் இன்னும் மலிவாகச் செய்கிறார்களாம் என்று பேரம் வந்தால் விலையைக் குறைக்காமல் அளவைக் குறையுங்கள். மதிலை விட்டு மரம் இரண்டை மட்டும் செய்தாலும் வாசல் அழகாகத்தான் இருக்கும்.

கழற்றுவதும் வைப்பதும்

பொங்கல் முடிந்த வாரத்தில் தொடங்குங்கள், காலை வெயில் ஏறி வயர் காய்ந்த பிறகு. பிளக்கைக் கழற்றி, மேலிருந்து கீழாக, சுற்றிய திசைக்கு எதிராக அவிழுங்கள். இழுத்தால் உள்ளே கம்பி அறும், வெளியே தெரியாது. ஒவ்வொரு செற்றையும் ஈரம் போகத் துடைத்து, எரிய வைத்துப் பார்த்து, மட்டை அட்டையில் சுற்றி, வீட்டுப் பெயரும் இடமும் எழுதி வையுங்கள். கரையோர வீடுகளில் நின்ற செற்றின் முள்ளில் உப்புக் காற்றின் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும், சுரண்டி எடுக்காமல் உள்ளே வைத்தால் அடுத்த வருடம் அந்த முள்ளே இருக்காது. எலிக்கு இந்த வயர் என்றால் விருப்பம், சாக்கில் கட்டி வைக்காமல் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பீப்பாவில் போடுங்கள். பாதி எரிபவற்றைத் தனியே ஒதுக்கி, உதிரிப் பாகத்துக்கு வையுங்கள். வயர் தோல் உரிந்ததை வெட்டி எறிந்துவிட வேண்டும், ரேப் சுற்றித் திரும்ப வெளியில் போடக் கூடாது.

கழற்றப் போகும் அன்றைக்கே புல்லு மெஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள். மழை விட்டு வளவெல்லாம் முழங்கால் அளவுக்குப் புல்லு நிற்கும். வீட்டுக்காரரும் அதைத்தான் அடுத்துக் கேட்பார்.